முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால்: ஒரு ரப்பர் வளையத்தின் கதை

நெய்வேலி டவுன்ஷிப்பில் மாலை நடைக்குப் போனால், வழியில் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி, "சார், முன் ஷாக்குல ஆயில் கசியுது. சீல் மாத்தினா போதுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. 34 வருஷம் சுரங்கத்தில் மெக்கானிக்கல் பராமரிப்பில் இருந்தவன் என்பதால், சக்கரம் வைத்த எதுவானாலும் எனக்கு அத்துப்படி என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. அவ்வளவெல்லாம் இல்லை. ஆனால் ஆயில் சீல் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உரிமையோடு பேசுவேன். என் உத்தியோகத்தில் பாதி நாள் கசிவுகளோடுதான் போயிற்று.

கேட்டவருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: சில சமயம் போதும், பல சமயம் போதாது. ஏன் என்று நடுரோட்டில் நின்று சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் பழைய கதையும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோலில் ஆரம்பித்த கதை

அசைகிற ஒரு கம்பியைச் சுற்றி எண்ணெயோ தண்ணீரோ வெளியே வராமல் அடைப்பது எப்படி? இந்தக் கேள்வி மோட்டார் சைக்கிளை விட ரொம்ப வயதானது. 1795-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பவர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். தண்ணீரின் அழுத்தத்தால் பெரிய எடையைத் தூக்கும் இயந்திரம் அது. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிஸ்டனைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகராது; தளர்த்தினால் கசியும். அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே அதற்கு ஒரு வழி கண்டதாகப் பொறியியல் வரலாறு சொல்கிறது. தோலைக் கிண்ணம் போல மடித்து, அதன் வாய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்கும்படி வைத்தார். அழுத்தம் கூடக் கூடத் தோலின் உதடு தானாகவே பிஸ்டனோடு ஒட்டிக்கொள்ளும். அழுத்தம் குறைந்தால் பிடியும் தளர்ந்துவிடும். எதை அடைக்க வேண்டுமோ, அதன் பலத்தையே வைத்து அதை அடைக்கிற வேலை.

நம்மில் பலர் இதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறோம். சைக்கிள் பம்பைக் கழற்றினால் கம்பியின் நுனியில் ஒரு தோல் வாஷர் இருக்கும். அது காய்ந்துபோனால் காற்று ஏறாது. தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் விரித்துப் போட்டால் மறுபடி பிடிக்கும். தெருக்குழாய் அடிபம்பிலும் இதே தோல் வாஷர்தான் பல காலம் இருந்தது. அது தேய்ந்தால் நாலு அடிக்கு வர வேண்டிய தண்ணீர் நாற்பது அடிக்கு வரும். தெருவில் சண்டை வரும்.

ஜெர்மனியில் வைன்ஹைம் என்ற ஊரில் 1849 முதல் ஃப்ராய்டன்பெர்க் குடும்பம் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலை நடத்தி வந்தது. நம் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் போல. அங்கே 1930-களில் வால்டர் சிம்மர் என்ற ஆஸ்திரியப் பொறியாளரின் யோசனையை எடுத்துக்கொண்டு, தோல் உதட்டை ஒரு உலோகக் கூட்டில் பொருத்தி, அதைச் சுற்றி ஒரு மெல்லிய சுருள் கம்பியைப் போட்டு ஒரு வளையம் செய்தார்கள். 'சிம்மரிங்' என்று பெயர் வைத்தார்கள். இன்று நாம் கடையில் 'ஆயில் சீல்' என்று கேட்டு வாங்குவது அதன் வாரிசுதான்.

தோலுக்குப் பதில் ரப்பர் வந்ததும் அதே பத்தாண்டில்தான். மரத்துப் பால் ரப்பர் இதற்கு உதவாது. மினரல் ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். ஜெர்மானியர்கள் அப்போதுதான் எண்ணெய்க்கு அசையாத நைட்ரைல் ரப்பரைச் செயற்கையாகச் செய்திருந்தார்கள். தோல் பதனிட்டவர்களே ரப்பர் உதடு செய்யத் தொடங்கினார்கள்.

ஃபோர்க் எப்போது எண்ணெய் குடிக்க ஆரம்பித்தது?

ஆரம்பகால மோட்டார் சைக்கிள்களின் முன்பக்கத்தில் எண்ணெய்க்கு இடமே கிடையாது. சைக்கிள் ஃபோர்க்கைத் தடிமனாக்கி, நாலு பட்டை, ஒரு ஸ்பிரிங், சில கீல்கள் வைத்துச் செய்த 'கர்டர் ஃபோர்க்'தான் பல வருஷம் ஓடியது. கீல்களுக்கு கிரீஸ் அடித்தால் போதும், கசிய ஒன்றுமில்லை. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களை ஸ்காட் என்ற ஆங்கிலேய வண்டி 1908-லேயே பயன்படுத்தியது. டென்மார்க்கின் நிம்பஸ் 1934-ல் அப்படி ஒரு ஃபோர்க்கோடு வந்தது. ஆனால் குழாய்க்குள் எண்ணெயை ஊற்றி, அது சின்னத் துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும்போது ஆட்டத்தை அடக்குகிற வேலையை உற்பத்தி வண்டியில் முதலில் கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ, 1935-ல், ஆர் 12, ஆர் 17 மாடல்களில். பிறகு 1941-ல் மேட்ச்லெஸ் தன் ராணுவ வண்டியில் 'டெலிட்ராலிக்' என்று தன் சொந்த ஃபோர்க்கைப் போட்டது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கம்பெனிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இதற்கு மாறின.

உள்ளே எண்ணெய் வந்ததும் அதை உள்ளேயே வைத்திருக்க ஒரு காவல்காரன் தேவைப்பட்டான். அதுதான் ஃபோர்க் சீல். மற்ற ஆயில் சீல்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. எஞ்சினில், பேரிங்கில் இருக்கும் சீல், சுற்றுகிற தண்டைப் பிடிக்கிறது. தண்டு ஒரே இடத்தில் சுற்றும், வெளியே போகாது. ஃபோர்க் சீல், மேலும் கீழும் ஓடுகிற பைப்பைப் பிடிக்கிறது. அந்தப் பைப் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே போய் எண்ணெயில் நனைந்து, வெளியே வந்து தூசியில் நின்று, மறுபடி உள்ளே போகிறது. வெளியே இருக்கிற அழுக்கை உள்ளே இழுத்து வரும் வாய்ப்பு ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை புரியும்.

திருவொற்றியூரிலிருந்து வந்த வண்டி

நம் பக்கம் டெலஸ்கோபிக் ஃபோர்க்கை ஊருக்கு ஊர் அறிமுகம் செய்தது புல்லட்தான். 1950-களில் இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே ஆகத் தொடங்கின. திருவொற்றியூர்த் தொழிற்சாலை வண்டி அது.

அந்தப் பழைய புல்லட்டின் முன் பைப் வெளியே தெரியாது. மேலே இருந்து ஒரு தகரக் குழாய் மூடிக்கொண்டு வரும். அழகுக்கு என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது சீலுக்குப் போட்ட குடை. மைசூரில் ஐடியல் ஜாவா செய்த ஜாவாவும், 1973-லிருந்து யெஸ்டி என்று பெயர் மாறியதும் டெலஸ்கோபிக் ஃபோர்க் வண்டிகளே. ராஜ்தூத் மட்டும் வேறு சாதி. போலந்து நாட்டு வடிவமைப்பு; 1962-ல் வந்தது. முன்சக்கரத்துக்குப் பின்னால் கீல் வைத்து, ஒரு சட்டம் முழுதாக ஆடுகிற மாதிரி இருக்கும். ஷாக் அப்சார்பர் இரண்டும் தனியாக வெளியே நிற்கும். கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். கரடுமுரடான பாதைக்கு அது ஒத்து வந்ததால் பால்காரர்களுக்கும் கிராமத்து வியாபாரிகளுக்கும் பிடித்துப்போனது.

எங்கள் ஊர் மண்

நெய்வேலியே ஒரு கசிவில் பிறந்த ஊர் என்று சொல்லலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கரும்பழுப்பாக ஏதோ வருவதைக் கவனித்து, அரசாங்கத்தின் பார்வைக்குக் கொண்டுபோனார். 1956 நவம்பர் 14-ல் கம்பெனி பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. இடையில் இருந்த நாலு வருஷமும் மண்ணோடும் தண்ணீரோடும் போராட்டம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நிலத்தடி நீர்த் தேக்கம் இருக்கிறது. அது சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேல்மண்ணை அள்ள அள்ள, அதை அமுக்கிப் பிடித்திருந்த எடை குறைகிறது. இரவு பகலாகப் பம்பு ஓட்டி அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு தண்ணீர் வந்துவிடும். அந்தப் பம்புகளை நம்பித்தான் கீழே ஆட்கள் வேலை செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள்.

அந்தப் பம்புகளில்தான் நான் கசிவின் பாடத்தைப் படித்தேன். பழைய பம்புகளில் தண்டைச் சுற்றிக் கயிறு போலத் திரித்த பேக்கிங் போடுவோம். அதற்கு கிளாண்ட் என்று பெயர். புதிதாக வரும் பையன்கள், சொட்டுகிறதே என்று கிளாண்ட் நட்டை முறுக்கி முறுக்கிச் சொட்டே இல்லாமல் நிறுத்திவிடுவார்கள். அரை மணியில் புகை வரும். பேக்கிங் கருகி, தண்டில் பள்ளம் விழுந்துவிடும். கிளாண்ட் கொஞ்சம் சொட்ட வேண்டும். அந்தச் சொட்டுதான் அதைக் குளிர வைக்கிறது. என் முதல் ஃபோர்மேன் சொல்வார்: "தம்பி, எது சொட்டணும், எது சொட்டக்கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் ஃபிட்டர்." கிளாண்ட் சொட்டலாம். ஃபோர்க் சீல் சொட்டக்கூடாது. பைப்பில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருக்கலாம். அது உதட்டுக்கு வழுவழுப்பு. விரலில் ஈரமாக வந்தால், வளையமாகத் தூசி ஒட்டினால், அது நோய்.

எங்கள் ஊரில் இந்த நோய் அதிகம் வரக் காரணமும் மண்தான். நிலக்கரியை மூடியிருக்கும் கடலூர் மணற்கல் சாதாரணப்பட்டதல்ல. 350, 700, 1400 லிட்டர் பக்கெட் மாட்டிய ஜெர்மன் ராட்சச இயந்திரங்களின் பற்களையே அது தேய்த்துத் தள்ளியது. வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் அள்ள முடிந்தது. அந்த மணலின் துகள்தான் காற்றில் வருகிறது, லாரிச் சக்கரத்தில் ரோட்டுக்கு வருகிறது. கூடவே சாம்பல். எஃகுப் பல்லைத் தின்ற மணல், மெல்லிய ரப்பர் உதட்டை என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மந்தாரக்குப்பம் பக்கம் தினம் போய்வருகிற வண்டியையும், வட்டத்துக்குள்ளேயே மரநிழலில் ஓடும் வண்டியையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், பைப்பே சொல்லும். சுமார் 35 கிலோமீட்டரில் கடலூர்க் கடல். அங்கே தினமும் வேலைக்குப் போகிறவர் வண்டிக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

1985-க்குப் பிறகு

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஷிஃப்ட் சங்கு ஊதினால் ரோடு முழுக்க சைக்கிள். புல்லட் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். 1984-லிருந்து இரண்டு மூன்று வருஷத்தில் இன்ட்-சுசுகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100, கவாசாகி பஜாஜ் எல்லாம் வரிசையாக வந்தன. ஜப்பான் நுட்பம், 100 சிசி, எடை குறைவு. சைக்கிள் ஸ்டாண்டுகள் மெல்ல பைக் ஸ்டாண்டுகளாக மாறின. அதுவரை புல்லட்காரர் சிலரின் பிரச்சினையாக இருந்த ஃபோர்க் சீல், எல்லோர் வீட்டுப் பிரச்சினையும் ஆனது.

மெயின் பஜார் பக்கத்து மெக்கானிக்குகள் இதில் சீக்கிரமே தேறினார்கள். சீலின் மேலேயே மூன்று எண் அச்சிட்டிருக்கும், உதாரணமாக 35-48-11. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், எல்லாம் மில்லிமீட்டரில். அந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்த வண்டி என்று சொல்லவே வேண்டாம் என்று ஆயிற்று. அதோடு சில குறுக்கு வழிகளும் வந்தன. பழைய சீலின் சுருள் கம்பியைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கி மாட்டினால் உதடு இறுகிப் பிடிக்கும், கசிவு நிற்கும். ஒரு மாதம். அதற்குள் உதடு தேய்ந்துவிடும், ஃபோர்க்கும் கட்டிப்போன மாதிரி அசையும். கிளாண்ட் நட்டை முறுக்கிய அதே புத்தி. இன்னொன்று, கெட்டியான ஆயிலை ஊற்றுவது. கசிவு மெதுவாகும், அவ்வளவே. வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் கையை உதறும்.

டிரம் போய் டிஸ்க் வந்தது

இதுவரை சொன்னதெல்லாம் செலவுக் கணக்கு. இனிமேல் வருவது உயிர்க் கணக்கு.

பழைய வண்டிகளில் முன் பிரேக் டிரம்முக்குள் மூடி இருந்தது. ஃபோர்க்கிலிருந்து ஆயில் வழிந்தாலும் பெரும்பாலும் வெளியிலேயே வழிந்து போய்விடும். பேன்ட்டில் கறை படும், வீட்டில் திட்டு விழும், அதோடு சரி. 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட் முன் டிஸ்க் பிரேக்கோடு வந்த பிறகு அதைப் பார்த்து மற்றவையும் வந்தன. 2019-லிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்றானதும் முன் டிஸ்க் எங்கும் நிறைந்துவிட்டது. டிஸ்க் நல்ல பிரேக், சந்தேகமில்லை. ஆனால் அது திறந்து கிடக்கிறது. அதன் காலிப்பர் ஃபோர்க்கின் அடியிலேயே மாட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்துச் சீல் கசிந்தால் ஆயில் நேராக இறங்கி வரும் இடம் அதுதான். 2012-ல் வந்த கேடிஎம் டியூக் போன்ற வண்டிகளில் ஃபோர்க்கைத் தலைகீழாக மாட்டுகிறார்கள். சீல் கீழ்ப்பக்கம் இருக்கும். கசிந்தால் டிஸ்க்குக்குப் போக இன்னும் குறுக்கு வழி.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் ஊர் மரங்களைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மகன் பைக் அன்று வாசலில் கிளைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மரத்தை அறுத்து எடுக்கும் வரை மழையிலும் ஈரத்திலும் கிடந்தது. முன் பைப்பில் கிளை உரசிக் குரோம் கீறியிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கீறிய இடத்தில் துரு பிடித்துக் கடுகளவு குழி விழுந்தது. அடுத்த வருஷம் ஒரு கடையில் இரண்டு தடவை சீல் மாற்றினார்கள். இரண்டு தடவையும் பைப்பை யாரும் விரலால் தடவிப் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை கசிந்தபோது பையன், "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மழை நாள், ரவுண்டானாவில் குறுக்கே மாடு. பிரேக்கைப் பிடித்தான், லீவர் இறுகியது, வண்டி நிற்கவில்லை. டிஸ்க் முழுக்க ஆயில். கழுத்துப் பட்டை எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டோடு இருந்தான். ஹெல்மெட் போட்டிருந்ததால் அதோடு போயிற்று. பிறகு அவன் அப்பா அந்த வண்டியை என்னிடம் கொண்டுவந்தபோது, நகத்தை வைத்துப் பைப்பில் மேலிருந்து கீழே இழுத்தேன். ஒரே இடத்தில் நகம் தட்டியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தக் குழியின் விளிம்பு ரம்பம் மாதிரி உதட்டைச் சீவியிருக்கிறது. புதுச் சீல் எத்தனை போட்டாலும் அதற்குத் தீனிதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில், எல்லாக் கசிவுக்கும் கழற்ற வேண்டியதில்லை. மண் துகள் ஒன்று உதட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டாலும் கசியும். மேலே இருக்கும் டஸ்ட் சீலை மெதுவாகத் தூக்கி, சுத்தம் செய்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் விரலகலத் துண்டு ஒன்றை நுனியில் கொக்கி மாதிரி வெட்டி, பைப்புக்கும் சீலுக்கும் நடுவில் விட்டுச் சுற்றி வந்து வெளியே இழுங்கள். துகள் வந்துவிடும். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் செலவு மிச்சம். டிஸ்க் பக்கத்துக் கால் கசிந்தால் மட்டும் இந்தச் சோதனை ஓட்டம் வேண்டாம்.

நிற்காவிட்டால் கழற்ற வேண்டியதுதான். எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். காலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டை முழுதும் கழற்றும் முன்பே மேல் மூடியைத் தளர்த்திவிடுங்கள். பிறகு பிடிக்க ஆள் கிடைக்காது. மூடிக்குக் கீழே ஸ்பிரிங் அழுத்தத்தோடு நிற்கிறது. முகத்தை மேலே கொண்டுபோகாதீர்கள். பழைய ஆயிலை ஒரு டப்பாவில் கவிழ்த்து, அதன் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் உள்ளே உலோகம் தேய்கிறது. தண்ணீர் கலந்தால் பால் போல இருக்கும். அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் ராடும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கருவி உண்டு. இல்லாவிட்டால் ஸ்பிரிங்கை உள்ளே விட்டு ஃபோர்க்கை அமுக்கிக்கொண்டு கழற்றலாம். அந்தப் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் தேய்ந்தாலும் கசியும். அதைப் பார்க்காமல் சீலைக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

இப்போதுதான் முக்கியமான வேலை. பைப்பைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் தடவுங்கள். லேசான கீறலாக இருந்தால் 1500 நம்பர் உப்புத்தாளை ஆயிலில் நனைத்து விளிம்பை மட்டும் மழுக்கலாம். சீல் ஓடுகிற நீளத்தில் குழி விழுந்து குரோம் உரிந்திருந்தால் பைப்பை மாற்றுங்கள், அல்லது அரைத்து மறுபடி ஹார்டு குரோம் போடுகிற இடத்துக்கு அனுப்புங்கள். அதே போல, இரண்டு வி-பிளாக்கில் வைத்து உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். லேசான வளைவை பிரஸ்ஸில் எடுக்கலாம். மடிப்பு விழுந்த பைப் பழைய இரும்புக்குத்தான்.

சீல் எப்போதும் இரண்டு காலுக்கும் சேர்த்து மாற்றுங்கள், டஸ்ட் சீலோடு. ஃபோர்க் பைப்பின் மேல் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, உதட்டில் கிரீஸ் தடவி, வழுக்கி இறக்குங்கள். அடித்து உட்கார வைக்கப் பழைய சீலை மேலே வைத்து, அளவான பிவிசி குழாயால் சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு பக்கம் தட்டினால் அங்கேயே அடுத்த கசிவு ஆரம்பம். சர்க்ளிப் அதன் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று பாருங்கள். ஆயில் அளவை வண்டிப் புத்தகம் சொல்லும், குத்துமதிப்பாக ஊற்றாதீர்கள். கூடினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறிப் புதுச் சீலையே தள்ளிவிடும்.

கடைசியாக ஒன்று. சக்கரத்தை மாட்டி ஆக்ஸிலை முறுக்கியதும், பக்கத்துக் கிளாம்பை இறுக்கும் முன் வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். இரண்டு காலும் தானாக நேர்கோட்டில் வரும். பிறகு இறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கும். சீல் ஒரு பக்கமாகத் தேயும். டிஸ்க்கில் ஆயில் பட்டிருந்தால் பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஆயில் ஊறிய பேடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நெருப்பில் காட்டி எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

1962-ல் மின்சாரம் தர ஆரம்பித்த எங்கள் முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நின்றுவிட்டது. அதில் பம்பும் டர்பைனும் பார்த்த கைகள் பல இப்போது பேரன் பேத்திகளோடு இருக்கின்றன. பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சீல் மாற்றும் முன் அந்தப் பைப்பை அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். காசு கேட்க மாட்டார். ஒரு காபியும், அவர் சொல்லும் இரண்டு பழைய கதையைக் கேட்க நேரமும் போதும்.

கழற்றுவதற்கு முன்னாலேயே தடுக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு பழைய பனியன் துணி போதும். ஞாயிற்றுக்கிழமை வண்டி துடைக்கும்போது இரண்டு பைப்பையும் ஒருமுறை மேலிருந்து கீழே துடைத்துவிட்டு, துணியைத் திருப்பிப் பாருங்கள். வெறும் தூசி இருந்தால் கவலையில்லை. எண்ணெய்க் கோடு விழுந்திருந்தால் திங்கட்கிழமையே பாருங்கள், அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டாம்.